குறி தவறாத பதக்கம்

ஜெர்மனியைக் கெய்சர் மன்னர் ஆண்ட காலத்தில், குறி பார்த்துச் சுடும் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களை நமச்சிவாயம் தேடித் தேடி வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது.

ஒருநாள் பல்லி, நடுநாயகமாக இருந்த பதக்கத்திடம் கேட்டது: "உன்னைப் போட்டிருந்தவன் பெரிய சூரனோ?"

"சமையல்காரன்," என்றது பதக்கம். "சுடும் போட்டியில் எங்கள் படைப்பிரிவு ஜெயித்தது. ஜெயித்தால் பிரிவில் இருக்கும் அத்தனை பேர் சட்டைக் கையிலும் பதக்கத்தைத் தைத்துவிடுவார்கள். இவன் சுட்டால் குறிப்பலகைக்குப் பின்னால் இருக்கிற மரம்தான் அடிபடும். ஆனால் ஊருக்குப் போனால் மீசையை முறுக்கிக்கொண்டுதான் நடப்பான்."

அப்போது நமச்சிவாயம் தன் மைத்துனரோடு உள்ளே வந்தார்.

"தொடாதீங்க மச்சான். இதைப் போட்டிருந்தவன் பறக்கிற ஈயைக்கூடச் சுட்டிருப்பான். இதெல்லாம் அதுக்கேத்த ஆள்கிட்டதான் வந்து சேரும்," என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்து வந்தது. பல்லி நாக்கை நீட்டியது. ஈயைக் காணோம்.

"சனியன், இங்கேயே குடியிருக்கு," என்று நமச்சிவாயம் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து பல்லிமேல் வீசினார். அது மைத்துனரின் முகத்தில் போய் விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். நமச்சிவாயம் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார்.

இருந்த இடத்தைவிட்டு அசையாத பல்லியிடம் பதக்கம் சொன்னது: "இன்றைக்குத்தான் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது."