நாலாவது விளக்கு

மூன்றாவது விளக்கையும் உடைத்தவன் கரைவலைக்கார முனாப்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வலை இழுக்கிற இடத்தில் கம்பம் நடாதே என்று சண்டைக்கு வந்தவன் அவன் ஒருவன்தான்.

கடற்கரையை அழகுபடுத்தும் குழுவுக்கு நான் தலைவர். வேறு எவரும் முன்வராததால் கிடைத்த பதவி அது. தொண்ணூற்றேழில் உட்கார நாலு சீமெந்து வாங்குகளும் ஐந்து விளக்குக் கம்பங்களும் போட்டோம். "இனி எங்கட பொம்புளைகளும் பயமில்லாம வந்து கடல் பாக்கட்டும்" என்று கூட்டத்தில் பேசியபோது எனக்கே கண் கலங்கிற்று. என் மனைவி முனவ்வறா பாவம், கல்யாணமான நாளிலிருந்து சமைத்துச் சமைத்துக் குசினிச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திறப்பு விழாவுக்கு முன்பே விளக்குகளை எரியவிட்டோம். இரவு இஷா தொழுதுவிட்டுப் போய்ப் பார்ப்பேன், ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள். விளக்குகள்தான் ஒவ்வொன்றாகப் போயின. வெள்ளிக்கிழமை இருட்டில் நாடா வெட்டினால் ஊரில் நான் தலைகாட்ட முடியாது.

பள்ளிவாசலில் முனாப்பைப் பிடித்தேன். "உண்மையச் சொல்லு, நீதானே?"

"என்ன ஹமீட் காக்கா கதைக்கிறீங்க? பொழுதுபட்டு மஃரிபுல இருந்து இஷா முடியிற மட்டும் உங்களுக்குப் பக்கத்திலதானே இரிக்கன். ஊர் ஆம்புளைகள் எல்லாரும் இஞ்சதான்."

விளக்கு உடைவதும் அந்த நேரத்தில்தான். அப்படியென்றால் பள்ளிக்கு வராத ஒருவன் ஊரில் இருக்கிறான் என்று துப்புத் துலக்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மஃரிப் முடிந்ததும் நைசாக நழுவி, கடற்கரைத் தோணிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பெண்கள் கடலைப்பருப்பைக் கொறித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் திட்டம் பலித்துவிட்டது!

அதில் ஒருத்தி குனிந்து கல்லெடுத்தாள். குறிபார்த்து, நாலாவது விளக்கை ஒரே எறியில் நொறுக்கினாள். மற்றவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

"ஆருடி அது?" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். முக்காட்டை இழுத்தபடி திரும்பியவள் என் முனவ்வறா.

அவள் பயப்படவில்லை. "இருட்டா இரிக்கெண்டுதானே இத்தின வருஷமா நாங்க இஞ்ச வந்து இரிந்த" என்றாள். "இந்த நேரம் ஆம்புளைக்கு இஞ்ச என்ன வேல? பள்ளிக்குப் போங்க!"