சுயம்புலிங்கத்தின் விமானம்

காலை வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. கீழே சங்கரன்கோவில் கோபுரமும் விசைத்தறிக் கூடங்களின் தகரக் கூரைகளும் மின்னுகின்றன. பனவடலிசத்திரத்துப் பக்கம் காற்றாலைகள் நிதானமாகச் சுற்றுகின்றன. நான்கு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தை ஏஞ்சல் ஓட்டுகிறாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய முதலாளி சுயம்புலிங்கம். பின்னால் அவர் மனைவி தங்கத்தாய். சுயம்புலிங்கத்துக்கு முன்னாலும், விமானத்தைத் திருப்பும் கைப்பிடி ஒன்று இருக்கிறது. ஏஞ்சல் தன்னுடையதைத் திருப்பினால் அதுவும் திரும்பும். மதுரையில் கிளம்பியதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தவர் இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். “நம்ம வீட்டுக்கு மேல ஒரு ரவுண்டு நானே ஓட்டுதேன். கைய எடுட்டி.”

“முடியாது அண்ணாச்சி. லைசென்ஸ் இல்லாதவங்க தொடக்கூடாது.”

“பிளேன் என்னுது.” சொல்லிக்கொண்டே திருப்புகிறார். ஊர் மொத்தமும் சரிந்து பக்கக் கண்ணாடிக்கு வருகிறது. இன்ஜின் இரைச்சல் மாறுகிறது. ஏஞ்சலின் முன்கை நரம்புகள் புடைக்கின்றன. தன் பக்கத்துக் கைப்பிடியை அவள் அங்குலம் அங்குலமாக இழுத்து விமானத்தை நேராக்குகிறாள். அவர் இன்னும் விடவில்லை. மூவர் காதிலும் மாட்டியிருக்கும் ஹெட்போனில் தங்கத்தாயின் குரல் மெதுவாக வருகிறது: “அந்தப் புள்ள சொல்லுததக் கேளுங்க. கைய எடுங்க.”

அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. “இறங்குன உடனே ஒனக்கு வேல கெடையாது, பாத்துக்கோ.”

“சரி அண்ணாச்சி,” என்கிறாள் ஏஞ்சல், விமானத்தை மதுரைப் பக்கம் திருப்பியபடி. “இறங்குத வரைக்கும் கைய மடியில வைங்க.”

அவர் வைத்துக்கொள்கிறார்.