மீசை

யமுனை வெள்ளத்தில் குடிசை போய் ஆறு நாள் ஆகியிருந்தது. பொன்னம்மாள் சரோஜினி நகருக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்ததால் தப்பினாள். அவள் புருஷன் தர்மனைக் காணவில்லை. அவளுடைய அண்ணன் மாசிலாமணி பிணவறை பிணவறையாகத் தேடினான். இன்று ஒரு துணியை விலக்கியதும், “மாப்பிள்ளைதான்” என்றான்.

கூட வந்த பக்கத்துக் குடிசை பச்சைமுத்து தயங்கினார். “தர்மனுக்கு மீசை கிடையாதேப்பா?”

“ஆறு நாள்ல வளந்திருக்கும்ணே.”

“செத்தவனுக்கா?”

“தண்ணில ஊறினா எல்லாம் மாறும். இது அவரில்லன்னா நாளைக்கும் வரணும். என்னால முடியாது.”

“ஜல்தி, பையா” என்று இந்தியில் அவசரப்படுத்தினான் பிணவறைக்காரன். மாசிலாமணி கைநாட்டு வைத்தான்.

வாசலில் நின்ற பொன்னம்மாள் உள்ளே வந்து பார்க்க மறுத்துவிட்டாள். பயம் என்று அண்ணன் நினைத்தான். அன்றைக்கே எரித்தார்கள்.

கருமாதியன்று தாலி கழற்றப் பெண்கள் கூடினார்கள். பொன்னம்மாள் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“விடும்மா. கொள்ளி வச்சவன் சொல்றேன், மாப்பிள்ளை இனி வரமாட்டாரு” என்றான் மாசிலாமணி.

அவள் தலை நிமிரவில்லை.

“உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே. வெள்ளத்துக்கு முந்தின நாளே அவரு இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டு ரயிலேறிட்டாரு.”