புகைச் சீட்டு

"கைக்குழந்தைக்காரி சார். அவ எதுக்குப் புகைச் சீட்டு வாங்கி வெச்சிருக்கா?"

ஒட்டுப் பிரிவில் மூத்தவளான அக்கா இப்படிக் கேட்டதும் சூப்பர்வைசர் விழித்தார். பெயர் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் சீட்டு உண்டு. ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

அது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. புகைத்தடைச் சட்டம் வந்த நாளிலிருந்து உள்ளே ஒரு தீக்குச்சி உரசக்கூடாது. கழிவறை, மாடிப்படி, கேட்டுக்கு வெளியே நடைபாதை எல்லாவற்றுக்கும் தடை. அதை அமல்படுத்தும் வேலை சூப்பர்வைசர் தலையில் விழுந்தது. மனிதர் அதைச் சுமையாக நினைக்கவில்லை, கிரீடமாகவே வைத்துக்கொண்டார். மூக்கை விடைத்துக்கொண்டே நடப்பார். கழிவறையிலிருந்து வந்த ஒருவரை வாயை ஊதிக் காட்டச் சொன்ன கதையும் உண்டு. 'மூக்கு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் கொதித்தார்கள். கட்டிங் மிஷின்காரர் வாயிலிருந்து சிகரெட் இறங்கியதே கிடையாது. அவர் பட்டப்பெயர் புகைவண்டி. அவர்தான் போய்ப் பேசினார். இடத்தைத்தான் எடுத்துக்கொண்டீர்கள், நேரத்தையாவது கொடுங்கள் என்று கேட்டு, மல்லுக்கட்டி வாங்கினார்.

கிடங்குக்குப் பின்னால் வேலியோரம் ஒரு தகரக் கொட்டகை. காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம், மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம். சீட்டு உள்ளவர்கள் மட்டும் போகலாம். பதினொரு ஆண்கள் வாங்கினார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் பன்னிரண்டாவதாக வாங்கியவள்தான் இந்தப் பெண்.

அவள் வாயில்லாப்பூச்சி. குனிந்த தலை நிமிராமல் பசை தடவுவாள். பிரசவம் முடிந்து நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பியவள். பதினொரு மணி அடித்தால் போதும், சீட்டை எடுத்துக்கொண்டு ஆண்களோடு ஆணாகப் பின்பக்கம் போய்விடுவாள்.

ஒட்டுப் பிரிவுக்குப் பொறுக்கவில்லை. நமக்கெல்லாம் இடுப்பு ஒடிகிறது, இவளுக்கு மட்டும் ஊதல் ஓய்வா என்று ஒருத்தி. திரும்பி வந்ததும் குழாயடியில் முகம் கழுவுகிறாளே, நாற்றத்தை மறைக்கத்தானே என்று இன்னொருத்தி. நெருப்பில்லாமல் புகையாது என்று முடித்து வைத்தாள் அக்கா. அந்தப் பெண்ணின் பக்கத்து ஸ்டூலில் உட்கார ஆளில்லாமல் போனது.

சூப்பர்வைசரின் சந்தேகக் கண்ணும் அவள்மேல் விழுந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் தாமதம். மூன்று தாமதம் ஆனால் வேலை போய்விடும். ஆண்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். இவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டது.

அன்று பதினொன்று பத்துக்கு அவள் வரவில்லை. சூப்பர்வைசர் மெமோ தாளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதுதான் கட்டிங் மிஷினும் ஓடாமல் நிற்பதைக் கவனித்தார். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கும்மாளமா போடுகிறீர்கள் என்று முணுமுணுத்தபடி நடையை எட்டிப் போட்டார்.

கிடங்கு மூலையில் திரும்பியவர் நின்றுவிட்டார். அவருடைய மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை.

பதினொரு பேரும் கொட்டகைக்கு முதுகைக் காட்டியபடி அரைவட்டமாக நின்றார்கள். சிலர் வாயில் சிகரெட் இருந்தது, சிலர் காதில் செருகியிருந்தார்கள். ஒன்றுகூடப் பற்ற வைக்கப்படவில்லை.

"தள்ளுங்கய்யா" என்றார். யாரும் நகரவில்லை.

இரண்டு தோள்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பார்த்தார். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தோளில் போர்த்திய துண்டுக்கு வெளியே ஒரு குட்டிப் பாதம் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிவந்த நாத்தனார் வேலிக் கதவருகே பையோடு நின்றாள்.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்காகவா சீட்டு வாங்கின? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேன் சார்." வாயில்லாப்பூச்சியின் குரலை அன்றுதான் அவர் சரியாகக் கேட்டார். "வேலைக்குத் திரும்பி வந்த அன்னிக்கே கேட்டேன். சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத்தான் வெளியே போக நேரம் உண்டு, வேற எதுக்கும் கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது. கூசிப்போனார். புகைவண்டியிடம் கேட்டார், நீங்கள் யாருமே பிடிக்கவில்லையா என்று.

"புள்ள பால் குடிக்கிற இடத்துல எப்படி சார்? மூணு வாரமா காலையில பிடிக்கிறதில்ல. நாலு மணிக்குப் பார்த்துக்கறோம்."

பழக்க தோஷம், சூப்பர்வைசரின் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று பதினாலு.

புகைவண்டி குரலைத் தணித்துக்கொண்டார்.

"எழுதறதா இருந்தா பன்னிரண்டு பேரையும் எழுதிக்கோங்க சார். ஆனா அப்புறம் எழுதுங்க. இந்தப் பக்கம் ஒரு ஆள் குறையுது, கொஞ்சம் வந்து திரும்பி நில்லுங்க."