மோட்டாரின் முதல் மூச்சு

இக்கதையை 1994ஆம் ஆண்டு ஆடியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் இருதயசாமி சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஒரு கிணற்று மோட்டாருக்குக் காவலாக ஒரு பிரேக்கர் இருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அது 'டப்' என்று விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்.

"அக்கா, எழும்போது ஒரே ஒரு மூச்சுதான் பெரிதாக இழுப்பேன். அதற்குள் என்ன அவசரம்?" என்று கேட்டது மோட்டார்.

"நீ எரிந்துவிடுவாய் என்று பதறிவிடுகிறேனடா, தம்பி."

"பதறிப் பதறியே பயிரைக் காயவைத்துவிட்டாய்."

தோட்டக்காரருக்கும் பொறுமை போயிற்று. பிரேக்கரைக் கழற்றிப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு, அதைப்போல் மூன்று மடங்கு தாங்கும் புதியதை மாட்டினார்.

"எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள். நான் விழவே மாட்டேன்" என்றது புதியது. மோட்டார் மகிழ்ந்து ஓடியது. பயிரும் பச்சை கண்டது.

சித்திரையில் ஒருநாள் பேரிங் இறுகிக்கொள்ள, மோட்டாரால் சுழல முடியவில்லை. இழுத்த மின்சாரமெல்லாம் உடம்புக்குள்ளேயே கொதித்தது.

"அண்ணா, நிறுத்து!"

"எனக்கு ஒன்றும் சுடவில்லையே" என்றது புதியது.

"தம்பி, நான் விழுந்துவிட்டேனடா, விழுந்துவிட்டேன்" என்று பலகையிலிருந்து பழையது அரற்றியது. அதில் எந்தக் கம்பியும் இணைந்திருக்கவில்லை.

பிறர் சொல்லும் வடிவத்தில், தோட்டக்காரர் பழைய அளவிலேயே, முதல் மூச்சை மட்டும் பொறுத்துக்கொள்ளும் வகைப் பிரேக்கரை மாட்டுகிறார், மோட்டார் பிழைக்கிறது. அம்முடிவு தெரியுமா என்று இருதயசாமியைக் கேட்டேன்.

"அந்த மோட்டாரு எங்கிட்ட வராதுங்களே, ஐயா" என்றார். "எரிஞ்சதுதானே வருது."