டைனாவும் இரண்டு குதிரைகளும்

கோவை கணபதியில் ஓர் அச்சகம். பக்கத்துப் பட்டறை லேத்தின் கிறீச்சொலிக்கு மேலே குரலை ஏற்றி, மெய்ப்புத் திருத்தும் சபுரா அச்சுத்தாளை நிறுத்தற்குறிகளோடு படிக்கிறாள். எதிரே, தேர்தலில் நிற்கும் வக்கீல் கோவிந்தராஜுலு போண்டாவை மென்றபடி தன் கையெழுத்துப் பிரதியில் சரிபார்க்கிறார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து அரசரை எதிர்த்து அரசியலில் இறங்கிய அமெரிக்க வக்கீல் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. 'மனிதர் யாவரும் சமம்' என்று முழங்கியவர் எழுதிவைத்த உயில் இப்போது வருகிறது. "இரண்டு குதிரைகள், கால்புள்ளி, ஆறு வெள்ளிக் கரண்டிகள், கால்புள்ளி, அடிமைப் பெண் டைனா, கால்புள்ளி, அவள் மகள், முற்றுப்புள்ளி." சொன்ன நாக்கு கசக்கிறது. எழுதும்போது உறுத்தாதது காதில் விழுந்ததும் கோவிந்தராஜுலுவுக்கும் உறுத்துகிறது போலும். எண்ணெய் விரலை அச்சுத்தாளில் டைனாவின் பெயர் மேல் வைக்கிறார். "இது நல்லால்லீங்க அம்மணி. அந்தப் பொம்பளையையும் புள்ளையையும் அடிச்சுப்போடுங்க. குதிரையும் கரண்டியும் இருக்கட்டும், பெரிய குடும்பம்னு தெரியோணுமல்லங்க." விரல் எடுத்த இடத்தில் எண்ணெய் பெயரைச் சுற்றிப் பரவுகிறது. சபுரா சிவப்புப் பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளுகிறாள். "நீங்களே அடிச்சுப்போடுங்க."