திரையில் விழாத எழுத்து

லாட்ஜ் வாசலில் தான் ஒருவனை வெட்டியது கேமராவில் பதிவாகி, எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், கொம்பையா அந்தக் கேமராக்களைப் பராமரிக்கும் செல்வினின் கடைக்குள் அரிவாளோடு நுழைந்தான். வேட்டியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

“அந்தப் பதிவ அழில.”

செல்வின் கம்ப்யூட்டரில், கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கறுப்புக் கட்டத்தில் சர்வரைத் திறந்தான். அதில் அவன் அடித்த பெயர் வெள்ளையாக விழுந்தது. அடுத்து பாஸ்வேர்டு கேட்டது. விரல்கள் வழக்கம்போலத் தாமாக ஓடின. கட்டத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பாதியிலேயே கொம்பையா அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தான்.

“ஒண்ணுமே வரலையே. சும்மா தட்டுதியால?”

“அண்ணாச்சி, பாஸ்வேர்டை இதுல காட்டாது. அது அப்படித்தான்…”

“எங்கிட்டயே நடிக்கியா?”

கையை மேசையில் அழுத்தி ஒரே போடு. சுண்டுவிரல் துள்ளித் தரையில் விழுந்தது.

“இப்ப ஒழுங்கா அடி.”

செல்வின் அலறி ஓய்ந்து, துண்டு சுற்றிய கையைக் கீபோர்டில் வைத்தான். முதல் எழுத்தே நினைவுக்கு வரவில்லை. தினமும் அடித்த அந்தப் பாஸ்வேர்டை அவன் ஒருநாளும் மனத்தில் வைத்துக்கொண்டதில்லை.

“வாயால சொல்லுல, நான் அடிக்கேன்.”

செல்வின் தரையில் கிடந்த விரலைக் காட்டினான்.

“அதுக்குத்தான் தெரியும், அண்ணாச்சி.”